பெரியகுளத்துப் பெரும்பள்ளி

திருகோணமலைக்குச் செல்பவர்கள் கோணேசரைத் தரிசிப்பார்கள், கன்னியா வெந்நீரூற்றில் நீராடுவார்கள், அத்துடன் திரும்பிவிடுவார்கள். இன்னும் அரைநாளை ஒதுக்க முடிந்தால், நேயர்களே, நாம் மறந்துபோன ஓர் அத்தியாயத்தைக் கல்லிலே காணலாம்.

ஒருநாள் காலை, நண்பர் ஒருவருடன் முச்சக்கர வண்டியிற் புறப்பட்டேன். ஹொரவப்பொத்தானை வீதியால் சென்று, கன்னியாவைக் கடந்து, பெரியகுளத்தை நோக்கித் திரும்பினோம். பற்றைக்காடுகளின் நடுவே ஒரு வெளி. செங்கற் சுவர்கள், கற்றூண்கள், தூபியின் எச்சங்கள். படிமமனையிலே சுண்ணக்கல்லால் ஆன புத்தர் நின்ற கோலத்திற் காட்சி தருகிறார். இதுதான் வெல்கம் விகாரை. அயலிலுள்ள தமிழர்கள் இதை நாதனார் கோவில் என்று அழைத்து வந்தனர்.

இந்தப் பழம்பதியைத் தனித்து நிற்கச் செய்வது, 1950களில் தொல்லியல் திணைக்களத்தினர் இங்கு கண்டெடுத்த தமிழ்க் கல்வெட்டுகள். அவை முதலாம் இராஜராஜன், முதலாம் இராஜேந்திரன் ஆகிய சோழ மன்னர்களின் காலத்தவை. அவற்றில் இவ்விகாரை 'இராஜராஜப் பெரும்பள்ளி' என்று குறிக்கப்படுகின்றது. பள்ளி என்பது பௌத்த, சமண உறைவிடங்களுக்குத் தமிழர் வழங்கிய சொல். நாகபட்டினத்துச் சூடாமணி விகாரையும் இதே பெயரைத் தாங்கியிருந்தது.

சோழப் படையெடுப்பு ஈழத்துப் பௌத்தத்துக்கு இன்னல் விளைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. விகாரைகள் கொள்ளையிடப்பட்டதைச் சூளவம்சம் கூறுகிறது. அதே ஆட்சியிலேதான் இந்த விகாரைக்குத் தமிழ் பேசிய அடியார்கள் தானம் வழங்கியிருக்கிறார்கள். ஒரு கல்வெட்டு, நந்தா விளக்கு ஒன்றையும் 84 பசுக்களையும் பற்றிப் பேசுகிறது. பசுக்களைப் பெற்ற இடையர் நாள்தோறும் விளக்குக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையின் தொகை குறையாது காக்க வேண்டும். சிவாலயங்களில் அக்காலத்தில் நிலவிய இந்த ஏற்பாடு, இங்கே புத்தர் திருமுன் விளக்கெரிய உதவியது.

இன்னுமொன்று என் மனதைத் தொட்டது. சோழப் பேரரசனின் பெயர் சூட்டப்பட்ட பின்னரும், வெல்கவேரம் என்ற பழம்பெயரைக் கல்வெட்டு கைவிடவில்லை. இரண்டும் அருகருகே நிற்கின்றன. வென்றவனின் பெயருக்காக இருந்த பெயரை எவரும் அழித்துவிடவில்லை. 1070இல் சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகு மன்னன் இவ்விகாரையைப் புனரமைத்தான். அவனுக்குப் பின்னரும் தமிழ் எழுத்துகள் கல்லில் நிலைத்திருந்தன.

வெயில் ஏறத் தொடங்கியது. புறப்படும்போது நண்பர் கேட்டார்: "இது அவர்களுடையதா, எங்களுடையதா?"

உடனே என்னால் விடை கூற முடியவில்லை. இந்தத் தீவிலே பழைய கற்கள்கூட வழக்குக்குச் சாட்சிகளாக இழுக்கப்படுகின்றன. மணிமேகலையையும் வீரசோழியத்தையும் தந்த தமிழ்ப் பௌத்தத்தை நாமே மறந்துவிட்டால், இக்கற்களின் சாட்சியத்தை யாரிடம் போய் முறையிடுவது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே விளக்கேற்றிய தமிழனிடம் நண்பரின் கேள்வியைக் கேட்டிருந்தால், அவனுக்கு அது விளங்கியிருக்குமா என்பதும் ஐயமே.

மதிய உணவுக்குத் திருகோணமலை வந்து சேர்ந்துவிட்டோம். அரைநாட் பயணந்தான். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னோடு வந்துகொண்டிருக்கிறது.