சீட்டுப் பணமும் சீட்டுச் சட்டமும்

1871ஆம் ஆண்டில் சென்னை இருப்புப்பாதையும் பம்பாய் இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் வந்து கூடின. அதன் பின்னர்த் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கும், தஞ்சை, பாலக்காடு முதலிய இடங்களிலிருந்து மாதுங்காவை அண்டிய எழுத்தர் வேலைக்கும் நம்மவர் வந்து சேர்ந்தனர். பின்னாளில் செம்பூரிலும் குடியேறினர். வங்கியில் கடன் பெற ஈடு வேண்டும். தோல் தொழிலாளியிடம் அந்நகரில் நிலம் ஏது, வீடு ஏது? ஊர்ப் பழக்கமாகிய சீட்டே அவருக்கு வங்கியாயிற்று.

இருபது பேர் மாதம் 100 ரூபாய் கட்டும் ஏலச்சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சேரும் தொகை 2,000. அவசரமுள்ள ஒருவர் 300 ரூபாய் தள்ளி 1,700க்கு எடுக்கிறார். சீட்டுப் பிடிப்பவருக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் 100 ரூபாய். எஞ்சிய 200 இருபது பேருக்கும் பத்துப் பத்தாகப் பகிரப்படும். எடுத்தவர் அன்று முதல் கடனாளி. எடுக்காதவரோ கடன் கொடுத்தவர். பேரேட்டில் பற்று, வரவு என்று நாம் எழுதும் இரண்டும் ஒரே கூடத்தில் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன! தள்ளுத்தொகை வட்டியின் மறுபெயரே. வட்டி வாங்குவது இழிவு என்போரும் இக்கழிவை மனமகிழ்ந்து பெறுவதை நாம் கண்டதுண்டு.

இதனால் நாட்டில் பணம் பெருகுகிறதா? பெருகுவதில்லை. 1935இல் கல்கத்தாவில் தொடங்கி, 1937இல் பம்பாய்க்கு இடம் மாறிய ரிசர்வ் வங்கி, மக்கள் கையிலுள்ள நாணயத்தையும் நோட்டையும் வங்கிகளிலுள்ள வைப்புகளையும் பண அளிப்பாகக் கணக்கிடுகிறது. வங்கி கடன் கொடுக்குங்கால் புதிய வைப்பு பிறக்கிறது, பணமும் பெருகுகிறது. சீட்டிலோ இருபது பேரின் நோட்டுகளே ஒருவர் கைக்குப் போகின்றன. முடங்கிக் கிடந்த பணம் விரைந்து சுழலும், அவ்வளவே.

சட்டத்தின் கண்ணில் சீட்டு ஓர் ஒப்பந்தம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தகுதியுடையோர் மனமொத்துச் செய்த வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். அதை மெய்ப்பிப்பதன்றோ அரிது! சீட்டுப் பிடித்தவர் ஒருநாள் இரவோடிரவாக மறைந்தால், கட்டியவர் கையில் எஞ்சுவது என்ன? ஓர் ஒற்றைக் கோட்டு நோட்டுப் புத்தகம். சில வேளைகளில் அதுவுமில்லை.

இக்குறையைப் போக்கவே 1961இல் சென்னை மாநிலமும், 1970களில் மகாராஷ்டிரமும் தனிச் சட்டம் செய்தன. 1982இல் மத்தியச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்கீழ் உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். அரசின் முன்னனுமதி வேண்டும். சீட்டுப் பிடிப்பவர் தொடக்கத்திலேயே பிணைய வைப்புக் கட்டவேண்டும். வழக்கு எழுந்தால் பதிவாளரிடம் முறையிடலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தரகின் உச்சவரம்பை ஐந்து விழுக்காட்டிலிருந்து ஏழாக்கியது. தனியொருவர் நடத்தும் சீட்டின் வரம்பையும் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சமாக உயர்த்தியது. மாநில அரசு குறிக்கும் தொகைக்கு உட்பட்ட சிறுசீட்டுகளை மட்டும் இச்சட்டம் தீண்டாமல் விட்டிருக்கிறது. அண்டை வீட்டார் பத்துப்பேர் கூடிப் பிடிக்கும் சிறுசீட்டு அந்தத் தொகைக்குள் அடங்குமாயின், அதற்கு இன்றும் காவல் அந்த ஒற்றைக் கோட்டு நோட்டுப் புத்தகமே.