கறளும் மின்சாரமும்: ஒரு வாளித் தண்ணீரின் வரலாறு



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். பழைய கார் ஒன்றை வாங்கி, ஓய்வு நாட்களில் தானே திருத்திக்கொண்டிருக்கிறாராம். "அண்ணை, கறள் பிடிச்ச சாமானை ஒரு வாளித் தண்ணிக்குள்ள போட்டு பற்றரி சார்ஜரைக் கொழுவினால் கறள் கழண்டு போகுமாமே, உண்மையோ?" என்று கேட்டார்.

உண்மைதான். நான் படித்தது வர்த்தகம், இரசாயனம் அல்ல. ஆனாலும் இந்த விடயத்தில் எனக்கு அனுபவமும் உண்டு, நட்டமும் உண்டு. அந்த வாளிக்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு ஒன்றும் உண்டு. அது நாங்கள் வாழும் மியூனிக் நகரையும், எங்களில் பலர் கடந்து வந்த பாதையையும் தொட்டுச் செல்கிறது. அதையே இம்மாத உரையாகத் தருகிறேன்.

1800ஆம் ஆண்டு இத்தாலியரான வோல்ட்டா தன்னுடைய மின்கல அடுக்கைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் அந்த மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தினார்கள். தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்தது. அதே காலத்தில் ஜேர்மனியின் ஜேனா நகரில் ஓர் இளைஞரும் இதைச் செய்து, இரண்டு வாயுக்களையும் தனித்தனியே சேகரித்தார். அவர் பெயர் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர். மருந்துக்கடையில் தொழில் பழகிவிட்டுப் பல்கலைக்கழகம் போனவர். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை 1801இல் கண்டுபிடித்தவரும் இவரே.

ரிட்டர் பின்னர் பவேரிய விஞ்ஞானக் கழகத்தின் அழைப்பில் மியூனிக்கிற்கு வந்தார். மின்சாரத்தைத் தன் உடம்பிலேயே செலுத்திப் பரிசோதித்ததால் உடல்நலம் கெட்டது. கையில் பணமும் நிற்கவில்லை. 1810 ஜனவரியில், 33 வயதில், இந்த நகரத்திலேயே வறுமையில் இறந்தார். பிழைப்புத் தேடி இங்கு வந்து, உடம்பை வருத்தி உழைத்து, இளவயதில் போய்ச் சேர்ந்தவர்களை நாங்களும் அறிவோம். அதனால்தான் ரிட்டரை முதலில் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து வந்தவர் மைக்கேல் பரடே. மின்பகுப்புக்குக் கணக்கு எழுதியவர் இவர்தான். இவ்வளவு மின்சாரம் போனால் இவ்வளவு உலோகம் கரையும் அல்லது படியும் என்று 1830களில் விதி வகுத்தார். பாடசாலையில் நாங்கள் மனனம் செய்த அனோட்டு, கதோட்டு என்ற சொற்களைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தவரும் அவரே.

இந்த அறிவு கறளுக்கு எப்படி உதவுகிறது? கறள் என்பது இரும்பு, ஒட்சிசன், தண்ணீர் மூன்றும் சேர்ந்து உண்டான சேர்வை. கறள் பிடித்த பொருளை மின்சாரத்தின் எதிர்முனையில் தொடுத்தால், சிவந்த கறள் கறுத்து இளகும். அங்கே எழும்பும் ஐதரசன் குமிழிகள் அந்தப் படையைக் கிளப்பிவிடும். நல்ல இரும்பு அப்படியே இருக்கும். அமிலம் கறளோடு இரும்பையும் தின்னும். அரத்தால் தேய்த்தால் இரும்பும் தேயும். இந்த முறையின் அருமை அங்கேதான் இருக்கிறது.

இந்த அருமையை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் அருங்காட்சியகக்காரர். 1888இல் பேர்லின் அரச அருங்காட்சியகங்கள் ஃபிரீட்ரிக் ராட்கன் என்ற இரசாயனவியலாளரைக் கொண்டு ஓர் ஆய்வுகூடத்தைத் தொடங்கின. அரித்துப்போன பழம் உலோகப் பொருட்களுக்கு அங்கே மின்சாரத்தால் வைத்தியம் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் அப்படியோர் ஆய்வுகூடம் உருவானது. மண்ணிலிருந்து எடுத்த வெண்கலத் திருவுருவங்களை உப்பு உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருந்தது. எஸ். பரமசிவன் என்ற இரசாயனவியலாளர் அவற்றை மின்பகுப்பு முறையில் காப்பாற்றினார். சுரண்டியிருந்தால் சிற்பியின் நுண்ணிய வேலைப்பாடும் சேர்ந்தே போயிருக்கும்.

பின்னர் வந்தது காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுக்க, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்திற்கு 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, தைப்பொங்கல் நாளில், டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். உலோக அரிப்பு அந்த நிலையத்தின் முக்கிய ஆய்வுகளில் ஒன்று. கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க அவர்கள் ஒரு கிளை நிலையத்தையும் அமைத்தார்கள். அது இருந்த இடம் மண்டபம் முகாம்.

மண்டபம் என்றதும் எங்களில் பலருக்கு வேறு நினைவு வரும். 1983க்குப் பிறகு படகில் இராமேசுவரம் கரையில் இறங்கியவர்களைக் கொண்டுபோய்ப் பதிந்தது அந்த முகாமில்தான். அதற்கும் முந்திய காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரை நோய்த்தடுப்புக்காக மறித்து வைத்ததும் அங்கேதான். இரும்பைத் தின்னும் அந்த உப்புக்காற்றில்தான் எங்கள் சனம் வரிசையில் நின்றது. பக்கத்திலுள்ள பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறந்த அந்த இரும்புப் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். கடலின் அரிப்பே முக்கிய காரணம். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

மியூனிக்கில் கடல் இல்லை. ஆனால் மாரிகாலத்தில் வீதிக்குப் போடும் உப்பு இருக்கிறது. 1990களில் என்னுடைய மச்சான் ஒரு பழைய கார் வாங்கினார். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் முதல் கார். பின்கதவுப் பிணைச்சலில் கறள் ஏறிக் கதவு இறுகிவிட்டது. நான் வாளி, சோடா, சார்ஜர் எல்லாம் ஆயத்தம் செய்து, வயரைக் கொழுவிவிட்டு நித்திரைக்குப் போனேன். காலையில் பார்த்தால் திருகாணித் துவாரம் பெருத்து, விளிம்பெல்லாம் மெலிந்து கிடந்தது. நேர்முனையை எதிர்முனையாக மாற்றிக் கொழுவியிருக்கிறேன். கடன்பட்டோரையும் கடன்கொடுத்தோரையும் மாற்றிப் பதிந்த பிழைதான்! பரடேயின் கணக்குப்படி, 4 அம்பியர் மின்னோட்டம் 12 மணித்தியாலத்தில் ஏறக்குறைய 50 கிராம் இரும்பைக் கரைக்கக்கூடியது. மச்சான் ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

ஆகவே தம்பிக்கும் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டியவை இவை. பிளாஸ்ரிக் வாளியில் 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போதும். கறள் பிடித்த பொருளுக்கு எதிர்முனை, வேண்டாத பழைய இரும்புத் தகட்டுக்கு நேர்முனை. இரண்டும் ஒன்றையொன்று முட்டக்கூடாது. அந்தத் தகட்டுக்குப் பதிலாகச் சில்வர்ச் சாமானைப் போடவேண்டாம்; அதிலுள்ள குரோமியம் நஞ்சாகக் கரையும். சாப்பாட்டு உப்பும் வேண்டாம். குளோரீன் வாயு வரும். அலுமினியப் பாகங்களைச் சோடாக் கரைசல் அரிக்கும். ஐதரசன் தீப்பற்றும் வாயு என்பதால் காற்றோட்டமான வெளியிடத்தில் வையுங்கள். கிட்ட நின்று சிகரெட் பற்றவேண்டாம். சார்ஜரை நிறுத்திவிட்டே தண்ணீருக்குள் கை வையுங்கள். புதிய வகைச் சார்ஜர்கள் பற்றரி இல்லாவிட்டால் இயங்காமலும் போகலாம். வெளியே எடுத்ததும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெயோ பூச்சோ பூசுங்கள். தாமதித்தால் கறள் திரும்பவும் வரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: சுருள்வில், உறுதிமிக்க ஆணிகள், பிரேக், ஸ்டியரிங் பாகங்களை இப்படிச் செய்யவேண்டாம். ஐதரசன் உள்ளே புகுந்தால் உறுதியான உருக்கு திடீரென வெடித்து முறியலாம். அந்தப் பாகங்களைப் புதிதாக வாங்குங்கள். பணம் மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

என் தொழிலில் இதற்குப் பெறுமானத்தேய்வு என்று ஒரு பெயர் உண்டு. ஆண்டுதோறும் எழுதிக் கழிப்போம். கழித்தது திரும்ப வராது. கறளும் அப்படித்தான். மின்சாரம் கறளை எடுக்கும், ஆனால் கறளாய்ப் போன இரும்பைத் திருப்பித் தராது. மிச்சமிருக்கும் இரும்பைத்தான் காப்பாற்றலாம். ஆகவே வேளைக்கே பாருங்கள்.