உடைமை மாற்றமும் உழைப்போரும்: ருஷ்யாவும் கரவனெல்லத் தோட்டங்களும்

வரலாற்றிலே சில ஆண்டுகள் தூரத்து நாடுகள் இரண்டை ஒரே கேள்வியின் முன் நிறுத்திவிடுகின்றன. 1992ஆம் ஆண்டு அத்தகையது. அவ்வாண்டில் ருஷ்ய அரசு தனது தொழிற்சாலைகளைத் தனியாருக்குக் கைமாற்றும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் இலங்கை அரசு தனது பெருந்தோட்டங்களை 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரித்து, அவற்றின் முகாமைத்துவத்தைத் தனியாரிடம் ஒப்படைத்தது. 1995இல் ருஷ்யாவின் எண்ணெயும் நிக்கலும் சில வங்கியாளரின் கைக்குச் சென்றன. அதே ஆண்டில் எமது தோட்டக் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகளும் விற்பனைக்கு வரத் தொடங்கின. இவ்வொற்றுமை வெறும் தற்செயலன்று. கடன்சுமையில் அமிழ்ந்த இரு அரசுகளும் சர்வதேச நாணய நிதியத்தினதும் உலக வங்கியினதும் ஆலோசனையை ஏற்ற காலம் அது. எனினும் கடன்கொடுத்தோரை மட்டும் குறை கூறுவது வரலாற்றாய்வாகாது. மக்களின் பெயரால் அரசு வைத்திருந்த உடைமை கைமாறியபொழுது, அதிலே உழைத்த மக்கள் ஏன் அதனைத் தம்முடையதென்று காத்துநிற்கவில்லை என்பதே நாம் வினவவேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கரவனெல்லப் பகுதி பொருத்தமான களமாகும். கேகாலையிலிருந்து புளத்கொஹுப்பிட்டிய வழியாக வரும் வீதி, அவிசாவளை – ஹற்றன் வீதியைச் சந்திக்கும் இடம் அது. களனி கங்கைப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. இப்பகுதி அடங்கிய ருவன்வெல்லத் தொகுதியே 1936இல் கலாநிதி என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அயல் தொகுதியான அவிசாவளை பிலிப் குணவர்த்தனாவை அனுப்பியது. 1935 டிசெம்பரில் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சிக்குச் சபையிலே கிடைத்த முதல் ஆசனங்கள் இவையே. 1934 – 35 மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்தினர் கேகாலை மாவட்டத்துக் கிராமங்களிலே ஆற்றிய நிவாரணப் பணி இவ்வெற்றிக்கு வித்திட்டது.

சமசமாஜிகள் ரொட்ஸ்கியின் வழிநின்றோர். இவ்விடத்தில் ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. ருவன்வெல்ல வாக்காளர் என். எம். பெரேராவைத் தெரிவுசெய்த அதே 1936இல், நாடுகடத்தப்பட்டிருந்த ரொட்ஸ்கி ‘வஞ்சிக்கப்பட்ட புரட்சி’ என்னும் நூலை எழுதிமுடித்தார். சோவியத் அதிகாரிகள் தொழிற்சாலைகளை ஆள்கின்றனர். ஆயின் அவற்றைத் தம் பிள்ளைகளுக்கு உரித்தாக விட்டுச்செல்ல அவர்களால் இயலாது. ஆகவே, தொழிலாளர் அரசியல் அதிகாரத்தை மீளப்பெறாவிடின், அவ்வதிகாரிகள் ஒருநாள் தமது சலுகைகளைச் சொத்துரிமையாக மாற்ற முனைவர் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. அவ்வாதம் மெய்ப்படுவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

1991 ஓகஸ்டில் நடந்த சதிப்புரட்சி மூன்றே நாளில் முறியடிக்கப்பட்டது. டிசெம்பர் 25இல் கொர்பச்சேவ் பதவி துறந்தார். சோவியத் ஒன்றியம் மறைந்தது. 1992 ஜனவரி 2ஆம் திகதி யெல்ட்சினின் அரசு விலைக்கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் நீக்கியது. அவ்வோராண்டுக்குள் விலைவாசி சுமார் 26 மடங்காகியது. ஆயுள் முழுவதும் சேமித்த பணம் சில மாதங்களிற் கரைந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் முதல், குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 10,000 ரூபிள் முகப்பெறுமதியுள்ள பங்குச் சீட்டு ஒன்று வழங்கப்பட்டது. திட்டத்தை முன்னின்று நடத்திய சுபைஸ், அச்சீட்டின் பெறுமதி நாளடைவில் இரண்டு வோல்கா மோட்டார் வண்டிகளுக்கு நிகராகும் என்று கூறினார். சட்டம் வகுத்த வழிகளுள் ஒன்று, நிறுவனத்தின் 51 சதவீதப் பங்குகளை அதன் ஊழியரே வாங்க இடமளித்தது. பெரும்பாலான நிறுவனங்கள் தெரிந்தெடுத்ததும் அவ்வழியையே. எனவே, தாளிலே பார்த்தால், ருஷ்யத் தொழிலாளி அன்று உலகிலேயே பெரிய பங்குடைமையாளனாக விளங்கினான் எனலாம்.

ஆயின் நடைமுறை வேறாயிற்று. கணக்கேடுகள் நிருவாகியிடம் இருந்தன. பங்குப் பதிவேடும் அவரிடமே இருந்தது. மாதக்கணக்கிற் சம்பளம் வழங்கப்படாத தொழிலாளி, தன் பங்கையும் சீட்டையும் கிடைத்த விலைக்கு விற்றான். சோவியத் காலத் தொழிற்சங்கமோ நிருவாகத்தின் ஓர் உறுப்பாகவே வளர்க்கப்பட்டிருந்தமையால், அவனுக்காக வழக்காடும் பழக்கம் அதற்கு இருக்கவில்லை. 1993 ஒக்டோபர் 4இல் யெல்ட்சின் தம்மை எதிர்த்த பாராளுமன்றத்தின்மீது டாங்கிகளைக் கொண்டு சுட்டார். டிசெம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பு ஜனாதிபதியின் கையைப் பெரிதும் பலப்படுத்தியது. கேள்வி கேட்கவேண்டிய மன்றம் இவ்வாறு வலுவிழந்த பின்னரே 1995இன் பெருவிற்பனை நடந்தது. அரசுக்குக் கடன் கொடுத்து, ஈடாகப் பங்குகளைப் பெறும் ஏலங்களை வங்கிகளே நடத்தின. அவ்வங்கிகளோடு தொடர்புடையோரே வென்றனர். நொரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதம் 17 கோடி டொலருக்கும், யூக்கோஸ் எண்ணெய்க் கம்பனியின் 78 சதவீதம் ஏறத்தாழ 31 கோடி டொலருக்கும் கைமாறின. 1987இல் ஏறத்தாழ 65 ஆண்டாக இருந்த ருஷ்ய ஆடவரின் சராசரி ஆயுள், 1994இல் 58ஐயும் எட்டவில்லை. ஒரு சமுதாயம் எத்துணை ஆழமாக அதிர்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இனி எமது தோட்டங்களை நோக்குவோம். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது 1975 ஒக்டோபரிலாகும். அதற்கு முந்திய மாதமே என். எம். பெரேராவும் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சரான கொல்வின் ஆர். டி சில்வாவும் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். தோட்டங்களை அரசுடைமையாக்குக என்று நெடுங்காலம் கோரிய கட்சி, அது நிறைவேறியபோது ஆட்சிக்கு வெளியே நின்றது. தோட்டங்களுட் பெரும்பாலானவை ‘ஜனவசம’ எனப்பட்ட சபையின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் வந்தன. துரை மாறினார், துரைத்தனம் மாறவில்லை. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெயர்ப்பதிவும் லயன் அறையும் இருந்தவாறே இருந்தன.

இதனினும் ஆழமான முரண்பாடு ஒன்றுண்டு. ‘மக்கள்’ பெயரால் தோட்டங்கள் எடுக்கப்பட்ட அந்நாளில், அங்கு பால்வெட்டியோரிலும் கொழுந்து பறித்தோரிலும் பெருந்தொகையினர் சட்டத்தின் கண்ணில் இந்நாட்டு மக்களே அல்லர். 1948ஆம், 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர்களுடைய பிரஜாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்திருந்தன. சமசமாஜக் கட்சி அன்று அவற்றைப் பாராளுமன்றத்திலே எதிர்த்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. காணிச் சீர்திருத்தத்தின் பின்னர் சில தோட்டங்களிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர். எழுபதுகளின் நடுப்பகுதியிலே தோட்டங்களைப் பட்டினி வாட்டியது. நாடற்றவன் நாட்டுடைமையின் பங்காளி ஆவதெங்ஙனம்? பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தின் மூலம் முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

1992இல் தோட்டங்கள் மீண்டும் கைமாறியபோது, கூட்டுத்தாபனங்கள் பெருநட்டத்தில் இயங்கின என்பது உண்மையே. 1995 முதல் நிகழ்ந்த விற்பனையில் 51 சதவீதப் பங்குகள் முகாமைக் கம்பனிகளிடம் சென்றன. 10 சதவீதம் ஊழியருக்கு இலவசமாகப் பகிரப்பட்டது. நிலம் அரசிடமே இருக்க, 53 ஆண்டுக் குத்தகை கம்பனிகளுக்குக் கிடைத்தது. ருஷ்யத் தொழிலாளிக்குச் சீட்டு. தோட்டத் தொழிலாளிக்குப் பங்குப் பத்திரம். இரண்டும் தாளே. பத்தில் ஒரு பங்குடையோர் தோட்டத்தை எவ்வாறு நடத்துவது என்று தீர்மானிக்க முடியவில்லை. பல்லாயிரம் பேருக்குச் சிதறிய பங்கை ஒன்றுதிரட்டி வினாவெழுப்பும் அமைப்பும் உருவாகவில்லை. தொழிற்சங்கங்களின் போராட்டம் நாட்கூலியைச் சுற்றியே சுழன்றது. வயிற்றுக்குப் போதாத கூலியுடையோர் கூலிக்குப் போராடியதைக் குற்றமெனக் கூறவியலாது. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை வர்த்தமானியில் ஏறுவதற்கே 2021 வரை சென்றது. ஆயின் உடைமை பற்றிய வினா அப்போராட்டத்தின் நிழலிலே மறைந்துபோனது.

இரு நாடுகளின் தலைவிதியும் சந்தையிலும் பின்னியிருந்தது. அறுபதுகளிலே சோவியத் உதவியுடன் களனியில் எழுந்த அரச டயர்த் தொழிற்சாலை, தொண்ணூறுகளில் தனியாரிடம் சென்றது. 1998 ஓகஸ்டில் ருஷ்யா தன் கடனைத் தீர்க்கவியலாது ரூபிளை வீழவிட்டபோது, அந்நாடு எமது தேயிலையின் முதன்மைக் கொள்வனவாளருள் ஒன்றாக இருந்தமையால், கொழும்பு ஏலத்திலும் விலை சரிந்தது. மொஸ்கோவில் அரசாங்க மாளிகைக்கு முன்னே தலைக்கவசங்களைத் தரையில் அடித்துச் சம்பளபாக்கி கேட்ட சுரங்கத் தொழிலாளியும், எமது மலைச்சரிவிலே கொழுந்து பறித்த பெண்ணும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளாயினர்.

அரசிடமே மீளக் கொடுத்தால் போதுமென்று சிலர் கருதலாம். ருஷ்ய வரலாறு அதற்கும் விடை கூறுகின்றது. 2003 ஒக்டோபரில் யூக்கோஸ் அதிபர் கொதர்கோவ்ஸ்கி கைதுசெய்யப்பட்டார். அடுத்த ஆண்டு அதன் முதன்மை எண்ணெய்வயல்கள் அரச கம்பனியான ரொஸ்நெப்ற்றிடம் சென்றன. சொத்து அரசிடம் மீண்டது; மக்களிடம் மீளவில்லை. புட்டினின் ஆட்சியில் சுதந்திரத் தொலைக்காட்சியும் எதிர்க்கட்சிகளும் படிப்படியாக ஒடுக்கப்பட்டன. ஸ்ராலின் காலக் கொடுமைகளை ஆவணப்படுத்திய ‘மெமோரியல்’ அமைப்பைக் கலைக்குமாறு 2021 டிசெம்பரில் நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 பெப்ரவரியில் உக்ரேன்மீது படையெடுப்பு நிகழ்ந்தபோது, அதனைத் தடுக்கவல்ல நிறுவனம் எதுவும் உள்நாட்டில் எஞ்சியிருக்கவில்லை.

ஆகவே உடைமை, வாக்கு, சுதந்திரமான அமைப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கிநிற்பவை என்பதே இவ்வொப்பீட்டால் நாம் பெறும் முடிபாகும். ருஷ்யத் தொழிலாளியிடம் பங்கும் வாக்கும் இருந்தன. அவற்றைக் காக்கும் அமைப்பு இல்லை. தோட்டத் தொழிலாளியிடம் சங்கம் இருந்தது. வாக்கு நெடுங்காலம் இல்லை. உடைமை பெயரளவில் வந்தது. ஒன்று குன்றிய இடத்தில் மற்றவையும் நலிந்தன. அரசுடைமை, தனியுடைமை என்ற பழைய வாதத்திலே இம்மூன்றையும் காணாது விடுவோமாயின், நாம் பெயர்ப்பலகை மாறுவதையே வரலாறென்று எழுதுவோராவோம்.

தோட்டக் கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிவுறும். அந்நாளில் நிலம் யாருக்கு, எந்நிபந்தனையில் என்ற வினா மீண்டும் எழும். 1975இலும் 1992இலும் அவ்வினாவுக்கு விடை எழுதியபோது, பால்வெட்டுவோரிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழாதிருக்க, அவர்களுடைய பிள்ளைகள் கணக்கேட்டையும் சட்டத்தையும் இப்போதிருந்தே வாசிக்கப் பழகவேண்டும். பல்கலைக்கழகத்தை எட்டியுள்ள அவர்களுட் சிலரின் முதற் கடமையும் அதுவே.