கலைவாணரும் நாஞ்சில் நாட்டு வில்லும்

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1935இல் வந்த 'மேனகா', 1936இல் வந்த 'சதிலீலாவதி' என்று சினிமாவிலிருந்தே தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் அவருடைய நகைச்சுவையின் வேர் கண்ணில் படாமலே போய்விடும். 1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த அவர், கலைவாழ்வைத் தொடங்கியது வில்லுப்பாட்டில். சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடைவிழா நடக்கும் இரவுகளில் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்வார். குடமும் உடுக்கும் ஜால்ராவும் கூட வரும். பக்கப்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடுவதோடு நிற்பதில்லை. இடைமறித்துக் கேள்வி கேட்பார், ஊர்ப் பேச்சில் சந்தேகம் எழுப்புவார். தெய்வக் கதை சற்று நின்று, தெருக்கதை பேசப்பட்டு, மறுபடி நகரும். கிருஷ்ணனும் அவருடைய மனைவியும் திரை இணையுமான டி. ஏ. மதுரமும் படத்துக்குப் படம் செய்தது இதைத்தான் என்பது என் கட்சி. நாயகன் கதையை நிறுத்திவிட்டு, பார்ப்பவர்கள் கேட்க நினைத்ததை இருவரும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

அவரை வார்த்தது டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனிதானே, வில்லுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். கம்பெனி தந்த பயிற்சி பெரிது. பாடத்தை மனப்பாடம் செய்வதும் குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுசேர்ப்பதும் அங்கே படிந்தவை. ஆனால் கம்பெனி நாடகத்தில் நடிகன் எழுதிக்கொடுத்த பாடத்துக்குக் கட்டுப்பட்டவன். கதைக்கு வெளியே நின்று கதையையே விசாரிக்கும் துணிச்சல் பாடத்திலிருந்து வருவதில்லை. தனி நகைச்சுவைப் பகுதி படம் விற்பதற்கான உத்தி மட்டுமே என்ற வாதமும் உண்டு. அதில் விற்பனை நோக்கம் இருந்தது உண்மை. அந்த இடத்தில் எதைப் பேசுவது என்பதைத் தீர்மானித்தது விற்பனை அல்லவே.

இதற்கு வலுவான சான்று, அண்ணா வசனம் எழுதிய 'நல்லதம்பி' (1949) படத்தில் வரும் 'கிந்தனார்'. வடிவத்தில் அது கதாகாலட்சேபம், வில்லுப்பாட்டு அல்ல. என் வாதத்துக்கு இது இடையூறாகத் தோன்றலாம். ஆனால் கிருஷ்ணன் அந்த வடிவத்தை என்ன செய்தார் என்று பாருங்கள். தீண்டாமையால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் படிக்க ஏங்குகிறான். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரின் பகுதி. சுசீந்திரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த மண். 1936 நவம்பரில் மன்னரின் பிரகடனம் கோயில் கதவுகளைத் திறந்தது. கோயில் திறந்தாயிற்று, பள்ளிக்கூடம் என்னவாயிற்று என்று அடுத்த கேள்வியைக் கேட்க அந்த மண்ணில் பிறந்தவருக்குக் காரணம் இருந்தது. பக்திக் கதைக்கு நடுவே புகுந்து உலக நியாயம் கேட்கும் பக்கப்பாட்டுக்காரரின் வேலையை, காலட்சேபக்காரரின் ஆசனத்தில் அமர்ந்தே அவர் செய்தார். இதைவிட அழகான எதிர்ப்பு நம் சினிமாவில் அதிகம் இல்லை.

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலையானார். சிறைவாசம் அந்தக் குரலை அடக்கவில்லை. விடுதலைக்குப் பிறகுதான் 'மணமகள்' (1951), 'பணம்' (1952) படங்களை இயக்கினார். வில்லையும் மறுபடி கையில் எடுத்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து, காந்தி கதையை எழுதச் சொல்லி வில்லிசையாக மேடையேற்றினார். கொடைக் களத்தின் கலை நகரத்து மேடைகளுக்குப் போனது இப்படித்தான். 1957 ஆகஸ்ட் 30 அன்று கிருஷ்ணன் காலமானார். சுப்பு ஆறுமுகம் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் வில்லோடு மேடையேறி, 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022இல் மறைந்தார்.