மஞ்சள் சுவரும் வடலண்டன் சுவரும்

2019 மார்ச் 5 அன்று டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அணி சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்காக ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகருக்குப் போயிருந்தது. வெம்பிளியில் நடந்த முதல் ஆட்டத்தை 3-0 என்று வென்றிருந்த அந்த அணி, ஹாரி கேன் அடித்த ஒரே கோலில் இதையும் வென்றது. லண்டனிலிருந்து கூடவே போன ரசிகர்களுக்கு எதிரே எழுந்து நின்றது டோர்ட்முண்டின் தெற்கு ஸ்டாண்ட். ‘மஞ்சள் சுவர்’ என்று உலகமே அழைக்கும் அந்த ஸ்டாண்டை முன்மாதிரியாகக் கொண்ட தெற்கு ஸ்டாண்டுடன் அவர்களுடைய சொந்த மைதானம் அப்போது லண்டனில் ஏறக்குறைய தயாராகி இருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 3 அன்று அது திறந்தது. கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தில், புது மைதானத்தின் முதல் லீக் கோலைத் தென்கொரியாவின் சோன் ஹியுங் மின் அடித்தார்.

மூலத்தையும் அதைப் பார்த்துக் கட்டியதையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கால்பந்தில் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. வெளிநாடு போய் இதுவரை பார்க்காத ஒரு மைதானத்தில் ஆட்டம் பார்க்க நினைப்பவர்களின் பட்டியலில் இந்த இரண்டும் தவறாமல் இருக்கும். டோர்ட்முண்டின் சொந்த மைதான ஆட்டங்களுக்கு இங்கிலாந்திலிருந்தே ரசிகர்கள் விமானம் ஏறுகிறார்கள். டோட்டன்ஹாமுக்குச் சோன் ஆடிய காலமெல்லாம் சியோலிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இரண்டு பயணங்களும் ஒரே வகையானவை என்று தோன்றலாம். என் கருத்து வேறு. ஒரு ஸ்டாண்டின் சரிவை அளந்து எடுத்து வேறு நாட்டில் கட்டிவிடலாம். அங்கே நிற்பவர் என்ன விலை கொடுத்து நிற்கிறார், கிளப் யாருக்குச் சொந்தம் என்பவற்றை அப்படி எடுத்துப் போக முடியாது. பயணியின் அனுபவத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது விஷயம்தான்.

டோர்ட்முண்ட் நிலக்கரியும் எஃகும் பீரும் வளர்த்த ஊர். 1974 உலகக் கோப்பைக்கு மைதானம் கட்ட வேண்டிய கொலோன் நகரம் செலவுக்கு அஞ்சிப் பின்வாங்கியபோது அந்த இடம் டோர்ட்முண்டுக்கு வந்தது. கையில் பணம் குறைவு. அதனால் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் துண்டுகளைக் கொண்டுவந்து சிக்கனமாகக் கட்டி முடித்தார்கள். வெஸ்ட்ஃபாலன் மைதானம் பிறந்தது அப்படித்தான். அந்த உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக நெதர்லாந்தின் யோஹன் கிரைஃப் பந்தைத் தன் நிற்கும் காலுக்குப் பின்னால் இழுத்துத் திரும்பினாரே, இன்றும் தெருவில் ஆடும் பிள்ளைகள் பழகும் அந்தத் திருப்பம், அது நடந்த புல்தரை இதுதான். பெரிய கட்டடக் கலைஞரின் கனவென்று எதுவும் இங்கே இல்லை. மஞ்சள் இரும்புத் தூண்கள் கூரைக்கு மேலே நீட்டி நிற்கும். உள்ளே போனால் வெறும் கான்கிரீட் படிகள்.

அந்தப் படிகளில்தான் எல்லாம் இருக்கிறது. தெற்கு ஸ்டாண்டில் 24,454 பேர் நின்று பார்க்கிறார்கள். அகலம் ஏறக்குறைய 100 மீட்டர், உயரம் 40 மீட்டர், மேல்பகுதியின் சாய்வு 37 டிகிரி. ஐரோப்பாவில் நின்று பார்ப்பதற்கு இவ்வளவு பெரிய ஸ்டாண்ட் வேறு இல்லை. ஜெர்மன் லீக் ஆட்டங்களுக்கு மைதானம் மொத்தமாக 81,365 பேரைக் கொள்ளும். ஐரோப்பியப் போட்டி என்றால் விதிப்படி இருக்கை பூட்ட வேண்டியிருந்ததால் பல ஆண்டுகள் அந்த எண்ணிக்கை 66,000 அளவுக்கு இறங்கிவிடும். டோட்டன்ஹாம் ரசிகர்கள் 2019-இல் பார்த்ததுகூட இருக்கை பூட்டிய சுவரைத்தான். 2022-இல்தான் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் சோதனை முறையில் நிற்பதற்கு அனுமதி தந்தது.

இங்கிலாந்தில் நிற்பது ஏன் நின்றுபோனது என்பதை அறியாமல் இந்த ஒப்பீட்டைச் செய்வது நியாயமாகாது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கம்பிவேலிக்குள் கூட்டம் நசுங்கியதில் 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். காவல்துறையின் தவறுகளைப் பல ஆண்டுகள் மறைத்து, பழியை ரசிகர்கள் மீதே போட்டார்கள். அதன்பின் வந்த டெய்லர் அறிக்கையின் பேரில் மேல்நிலைக் கிளப்புகள் எல்லாம் முழுக்க இருக்கைகளுக்கு மாறின. ஜெர்மனியிலும் அதே காலத்தில் அதே யோசனை வந்தது. டோர்ட்முண்ட் மற்ற பக்கங்களில் பெரும்பாலும் இருக்கை போட்டுக்கொண்டு தெற்கை விட்டுவைத்தது. வேலிகளும் நெரிசலும் கவனிப்பின்மையும் உயிரைக் குடித்தன என்பதை உணர்ந்து, நிற்பதற்குரிய தடுப்புக் கம்பிகளையும் நுழைவுக் கட்டுப்பாட்டையும் சரிசெய்தார்கள். இருக்கை போட்டதோடு இங்கிலாந்தில் டிக்கெட் விலையும் ஏறியது. பாதுகாப்புக்காக வந்த மாற்றம் விலையேற்றத்துக்கும் வசதியாகிப் போனதை அந்நாட்டு ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை.

டோட்டன்ஹாம் இந்த வரலாற்றின் மறுமுனையில் எழுந்த கட்டடம். 1899 முதல் ஆடிவந்த ஒயிட் ஹார்ட் லேனில் கடைசிக் காலத்தில் சுமார் 36,000 பேருக்கே இடம் இருந்தது. 2017 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டை வென்று விடைபெற்றதும் அதை இடித்தார்கள். அதே இடத்தில், பழைய மனையையும் தாண்டி, 62,850 பேருக்கான புது மைதானம் வந்தது. செலவு சுமார் 100 கோடி பவுண்டு. மனை சேர்ப்பதிலும் போராட்டம் இருந்தது. பல ஆண்டுகளாக அங்கே இருந்த ஓர் உலோகத் தகட்டுப் பட்டறை விற்க மறுத்து உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

அதன் தெற்கு ஸ்டாண்ட் ஒரே அடுக்கில் 17,500 பேரைக் கொள்கிறது. சாய்வு 34 டிகிரி. இங்கிலாந்து விதிகள் அனுமதிக்கும் எல்லையை ஏறக்குறையத் தொட்டுவிடுகிறது. முதல் வரிசைக்கும் கோல் கோட்டுக்கும் இடைவெளி ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாதுகாப்பாக நிற்பதற்கான கம்பி வைத்த இருக்கைகளும் உண்டு. 2022 ஜனவரியில் இங்கிலாந்தில் நிற்பதைத் திரும்பச் சோதித்துப் பார்த்த முதல் ஐந்து கிளப்புகளில் இதுவும் ஒன்று. கட்டட வேலையாகப் பார்த்தால் இதற்கு இணை குறைவு. அமெரிக்கக் கால்பந்துக்காக அடியில் செயற்கைத் தரை இருக்கிறது. மேலே உள்ள புல்தரை மூன்று பாகங்களாகப் பிரிந்து, தெற்கு ஸ்டாண்டுக்கு அடியில் நகர்ந்து போய்விடும். ஒவ்வொரு பாகமும் 3,000 டன்னுக்கு மேல். அரை மணி நேரத்துக்குள் ஒரு விளையாட்டின் தரை போய் இன்னொன்றின் தரை வந்துவிடுகிறது. பியான்சேயின் கச்சேரியும் ஜோஷுவா–உசிக் குத்துச்சண்டையும் இங்கேதான் நடந்தன.

இரண்டு ஊர்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கோப்பை பீரில் பார்த்துவிடலாம். டோட்டன்ஹாமின் தெற்கு ஸ்டாண்டுக்குப் பின்னால் 65 மீட்டர் நீளத்துக்கு, ஏறக்குறைய கோல் கோட்டின் நீளத்துக்கே, ஒரு பார் மேடை இருக்கிறது. பிளாஸ்டிக் கோப்பையைக் குழாய் முனையில் அழுத்தி வைத்தால் அடியிலிருந்து பீர் ஊறி மேலே வரும். கோப்பையை எடுத்ததும் அடியிலுள்ள காந்தத் தகடு தானே ஒட்டி மூடிக்கொள்ளும். பரிமாறுபவர் ஒரே நேரத்தில் பல கோப்பைகளை நிரப்புகிறார். காசுத்தாள் செல்லாது, கார்டுதான். நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் அந்தக் கோப்பையோடு இருக்கைக்குப் போக முடியாது. புல்தரை கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாதென்று 1985-இல் இங்கிலாந்து சட்டம் போட்டது. ஆகவே ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் சுவருக்குப் பின்னால் நின்றே குடித்து முடிக்க வேண்டும். டோர்ட்முண்டில் அதே பீரைப் படியில் நின்றபடி, ஆட்டத்தைப் பார்த்தபடி குடிக்கலாம். கோல் விழும்போது தலைக்கு மேலே பீர் மழை பொழியும். யாரும் முகம் சுளிப்பதில்லை. மது பிடிக்காதவர்களுக்கும் இந்த விவரம் முக்கியம். ஒரு நாட்டுச் சட்டம் ரசிகரைக் குற்றம் செய்யக்கூடியவராகப் பார்க்கிறது, இன்னொன்று ஊர்க்காரராகப் பார்க்கிறது.

விலைக்கு வருவோம். டோர்ட்முண்டின் தெற்கில் ஒரு சீசன் முழுவதும் நின்று பார்க்கும் டிக்கெட் 250 யூரோவை ஒட்டி இருக்கிறது. டோட்டன்ஹாமின் மிக மலிவான சீசன் டிக்கெட்டே 800 பவுண்டுக்கு மேல். இடைவெளி மூன்று மடங்குக்கும் அதிகம். இதற்குப் பின்னால் இருப்பது சொத்துரிமை. ஜெர்மனியில் ஒரு கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்ற விதி உண்டு, ‘50+1’ என்பார்கள். பங்குச் சந்தையில் இருந்தும் டோர்ட்முண்ட் இந்த விதிக்குள்தான் இயங்குகிறது. டோட்டன்ஹாம் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் உடைமை. இரண்டு ஊர் ரசிகர்களுமே விலைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்கள்தான். 2016 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டில் டிக்கெட் விலையை எதிர்த்து டோர்ட்முண்ட் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசினார்கள். 2024-இல் மூத்தோருக்கான சலுகையைக் குறைக்கும் அறிவிப்பு வந்தபோது டோட்டன்ஹாமிலும் பதாகைகள் எழுந்தன. வேறுபாடு, டோர்ட்முண்டில் அந்தக் குரலுக்கு வாக்கும் இருக்கிறது.

டோர்ட்முண்டைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. 2005-இல் திவாலின் விளிம்பில் நின்ற அந்தக் கிளப், மைதானத்தின் பெயரை ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்றது. 2024-இல் ஓர் ஆயுத நிறுவனத்தின் விளம்பரத்தை ஏற்று, தன் ரசிகர்களிடமே கடும் கண்டனம் வாங்கியது. பெயரை விற்றவர்கள் தெற்குப் படிகளில் ஏன் இருக்கை போட்டு விலையை ஏற்றவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த 24,454 பேர் இல்லாவிட்டால் மற்ற இருக்கைகளையும் விளம்பரங்களையும் விற்க முடியாது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

பயணத்தின் நடைமுறை இரண்டிலும் வேறு. இந்தியாவிலிருந்து போகிறவருக்கு லண்டனுக்கு ஒரு விசா, ஜெர்மனிக்கு ஷெங்கன் விசா. ஒன்று மற்றொன்றுக்கு உதவாது. ஆட்ட நாளும் நேரமும் தொலைக்காட்சிக்காகக் கடைசியில் மாறும் என்பதால் முன்னும் பின்னும் ஒரு நாள் விட்டே விமானம் பதிவு செய்ய வேண்டும். டோர்ட்முண்டில் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் அந்த வட்டாரத்து ரயிலிலும் டிராமிலும் தனிக் கட்டணமில்லை. நகர நடுவிலிருந்து நடந்தே போகலாம், வழியெல்லாம் மஞ்சள் சட்டைகள். நேரம் இருந்தால் கிழக்கே ஹம் நகரில் நம் ஈழத்து மக்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலையும் பார்த்துவிடலாம். லண்டனில் ஒயிட் ஹார்ட் லேன் ரயில் நிலையம் மைதானத்துக்கு அருகிலேயே இருக்கிறது; ஆட்டம் முடிந்ததும் அங்கே வரிசை நீளும் என்பதால் செவன் சிஸ்டர்ஸ் வரை ஹை ரோட்டில் நடப்பவர்கள் அதிகம். துருக்கி, கரீபிய உணவகங்கள் நிறைந்த அந்தத் தெருதான் உண்மையான டோட்டன்ஹாம். அதை நடந்து பார்க்காமல் திரும்பாதீர்கள்.

ஆட்டத்தில் என்ன நடக்கிறது? டோர்ட்முண்டின் அறிவிப்பாளர் நோர்பெர்ட் டிக்கெல். 1989 ஜெர்மன் கோப்பை இறுதியில் முழங்கால் காயத்தோடு இறங்கி இரண்டு கோல் அடித்தவர். அதே காயத்தால் ஆட்ட வாழ்க்கையை இழந்து 1992 முதல் ஒலிபெருக்கியில் நிற்பவர். கோல் விழுந்ததும் அவர் வீரரின் முதல் பெயரை மட்டும் சொல்வார். குடும்பப் பெயரைக் கூட்டம் முழங்கும். ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாத வெளிநாட்டவரும் இரண்டாவது கோலுக்குள் அதில் சேர்ந்துவிடுவார். டோட்டன்ஹாமிலும் அணி முன்னேறும் நேரங்களில் தெற்கு ஸ்டாண்டின் முழக்கம் உடம்பை உலுக்கும். கூரையின் வளைவு அதைப் புல்தரைக்கே திருப்பி அனுப்பும்படி அமைந்திருக்கிறது. ஆனால் அணி பின்தங்கினால் அங்கே அமைதி சீக்கிரம் வந்துவிடுகிறது. அதிக விலை கொடுத்தவர் அதற்குரிய ஆட்டத்தை எதிர்பார்ப்பது இயல்பு. மஞ்சள் சுவரில் பாட்டு, கோல் கணக்கைப் பார்த்து நிற்பதில்லை.

பயணிக்கு ஒரு பொறுப்பும் உண்டு. டோர்ட்முண்ட் தன் சீசன் டிக்கெட்டுகளை 55,000 என்ற அளவில் நிறுத்திவைத்திருக்கிறது. தெற்கில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்த டிக்கெட் வைத்திருப்பவர்களே. தெற்குதான் வேண்டும் என்று கள்ளச் சந்தையில் பத்து மடங்கு கொடுத்து வாங்கினால், அந்தப் படிகளை மலிவாக வைத்திருக்கும் ஏற்பாட்டை நாமே உடைக்கிறோம். கிழக்கிலோ மேற்கிலோ கிளப்பிடம் நேரடியாக ஓர் இருக்கை வாங்குங்கள். சுவர் முழுமையாகத் தெரிவதும் அங்கிருந்துதான்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்பவருக்கு என் தீர்ப்பு இது. கட்டடம் பார்க்க ஆசையென்றால் டோட்டன்ஹாமுக்கு ஆட்டமில்லாத நாளில் போங்கள். சுற்றிக்காட்டும் ஏற்பாடு நன்றாக இருக்கிறது, மைதானத்தின் நுட்பம் அப்போதுதான் நிதானமாகப் புரியும். ஆட்டம் பார்க்க டோர்ட்முண்டுக்குப் போங்கள்.