சாந்தாகுரூஸ் முதல் சஹார் வரை: விமான நிலைய ஆணையமும் நம் பேட்டைகளும்

மும்பை விமான நிலையம் யாருடையது என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தனியார் குழுமம் ஒன்றின் பெயரைச் சட்டென்று சொல்வார்கள். தப்பில்லை. இன்று நிலையத்தை நடத்துவது அவர்கள்தான். ஆனால் நிலையத்தின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பது இந்திய விமான நிலைய ஆணையம் என்ற மத்திய அரசு நிறுவனம். மேலே பறக்கும் விமானத்துக்கு வழி சொல்வதும் அதே ஆணையம்தான். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று குடியிருக்கும் நமக்கு இது வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. அதனால்தான் இதை எழுத முற்பட்டேன்.

கதை ஜூஹுவில் தொடங்குகிறது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளுடன் அகமதாபாத் வழியாக ஜூஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து அந்தத் தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட். ஆக, டாட்டாவின் முதல் விமானத் தடமே நம் ஊரில்தான் போய் முடிந்தது! இந்த விவரம் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சாந்தாகுரூஸில் பிரிட்டிஷ் விமானப்படைக்கென்று பெரிய தளம் எழுந்தது. போருக்குப் பின் பயணிகள் விமானங்களும் அங்கே மாறின. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மறு ஆண்டு சர்வதேச விமான நிலைய ஆணையம் உருவாயிற்று. பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கும் அதன் பொறுப்பில் வந்தன. அதே 1972 செப்டம்பரில் ஒரு வேடிக்கையும் நடந்தது. வேடிக்கை என்று இப்போது சொல்லலாம், அன்று ஆபத்துதான். சாந்தாகுரூஸுக்கு வரவேண்டிய ஜப்பான் ஏர்லைன்ஸ் டி.சி.-8 விமானம், பக்கத்திலிருந்த ஜூஹுவின் சின்ன ஓடுபாதையை அதுவென்று நினைத்து இறங்கி, பாதை முடிந்தும் நிற்காமல் ஓடிற்று. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

எழுபதுகளில் வளைகுடா வேலைக்குப் போக பம்பாய்தான் பெரிய வாசல். நம் ஜில்லாக்காரர்கள் எத்தனையோ பேர் விசா வரும்வரை தாராவியிலும் மாட்டுங்காவிலும் சொந்தக்காரர் அறைகளில் தங்கிவிட்டு விமானம் ஏறினார்கள். ஊருக்குப் போக மட்டும் எல்லோருக்கும் ரயில்தான். நானும் அப்படித்தான் போய்வந்தேன். 1981-இல் சஹாரில் சர்வதேச முனையம் திறந்தது. உள்நாட்டு நிலையங்களைக் கவனிக்க 1986-இல் தனியே ஏற்பட்ட தேசிய விமான நிலைய ஆணையமும் பழைய சர்வதேச ஆணையமும் 1995 ஏப்ரல் 1 அன்று ஒன்றாக்கப்பட்டன. இன்றைய ஆணையம் பிறந்தது அன்றுதான்.

பெரிய திருப்பம் 2006. டெல்லி, மும்பை நிலையங்களைத் தனியார் பொறுப்பில் விடும் முடிவை எதிர்த்து, பிப்ரவரித் தொடக்கத்தில் ஆணைய ஊழியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தனர். பெரிய நிலையங்களின் வருமானத்தில்தான் சிறிய நிலையங்கள் ஓடுகின்றன, கறவை மாட்டைக் கொடுத்துவிட்டால் கன்றுகள் என்னாகும் என்பது அவர்களின் கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனாலும் முடிவு மாறவில்லை. ஜி.வி.கே. குழு 30 ஆண்டு ஒப்பந்தத்தில் மும்பை நிலையத்தை ஏற்றது. 2021-இல் அது அதானி குழுமத்திடம் போயிற்று. ஆணையத்துக்கு 26 சதவீதப் பங்கும், மொத்த வருவாயில் 38.7 சதவீதமும் என்பது ஏற்பாடு. கன்றுகள் பட்டினி கிடக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆணையம் நடத்தும் திருச்சியில் 2024 ஜனவரியிலும், தூத்துக்குடி வாகைகுளத்தில் 2025 ஜூலையிலும் புதிய முனையங்கள் திறக்கப்பட்டன. தாராவியின் திருநெல்வேலிக் குடும்பங்களுக்கு வாகைகுளம்தானே பக்கம்!

இனி நம் பேட்டைக்கு வருவோம். விமான நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு உண்டு. 2015-இல் மத்திய அரசு இதற்கான விதிகளைப் புதிதாக வெளியிட்டது. பகுதி பகுதியாக நிறம் பிரித்த வரைபடமும் உண்டு. நம் மூன்று பேட்டைகளும் இந்த வட்டத்துக்குள்தான். வரம்பைத் தாண்டிக் கட்டவேண்டுமென்றால் ஆணையத்தின் 'ஆட்சேபம் இல்லை' சான்று வேண்டும். ஓடுபாதை நீளும் திசையில் இருக்கும் இடங்களுக்குக் கெடுபிடி அதிகம். இரண்டாவது ஓடுபாதையின் தென்கிழக்கு முனை குர்லா, செம்பூர் பக்கம் பார்த்து நிற்கிறது. பெரிய ஓடுபாதையைப் பழுதுபார்க்க மூடும் நாட்களில் செம்பூரில் ஜன்னல் அதிர்வதன் காரணம் இதுவே.

பழைய சொசைட்டிக் கட்டடத்தை இடித்துக் கட்டுவது பற்றி எங்கள் செம்பூரில் கூட்டம் நடந்தால், பில்டர் எத்தனை மாடி சொல்கிறார் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆணையச் சான்றில் எத்தனை மீட்டர் என்று கேட்பவர் அபூர்வம். அந்த மீட்டர் தரையிலிருந்து அளப்பதல்ல, கடல்மட்டத்திலிருந்து அளப்பது. மனை மேட்டில் இருந்தால் அந்த மேடும் கணக்கில் கழிந்துவிடும்.

தாராவி மறுசீரமைப்புக்கும் இதே கணக்குதான். அந்தத் திட்டத்தை நடத்தும் கம்பெனியில் அதானி குழுமத்துக்கு 80, மாநில அரசுக்கு 20 சதவீதம். நிலையத்தை நடத்துவதும் தாராவியைக் கட்டுவதும் ஒரே குழுமம் என்றாலும், கட்டடம் எவ்வளவு உயரலாம் என்று சொல்லும் அதிகாரம் ஆணையத்திடமே நிற்கிறது. உயரம் குறைந்தால் அதே மனையில் அடங்கும் வீடுகளும் குறையும். தாராவியில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் தங்கள் கட்டட வரைபடத்தைப் பார்க்கும்போது, அந்த ஒற்றைத் தாளையும் சேர்த்துக் கேட்டுவாங்கிப் படிக்கவேண்டும்.