மணலும் கணிப்பொறியும்

கணிப்பொறிக்கு ஆணையிடும் நிரல்மொழியைக் கற்கப் புகும் மாணவர், "எந்தக் கருவியைக் கொண்டு தொடங்குவது?" என்றே முதலில் வினவுகின்றனர். மலையடிவாரத்துக் கூடலூரில் வாழும் என் காதிலும் இவ்வினா அடிக்கடி விழுகின்றது. விலையுயர்ந்த கணிப்பொறி கிட்டவில்லையே என ஏங்கிக் கல்வியைத் தள்ளிப்போடுவோரும் உளர். இதற்கு வரலாறு கூறும் விடை யாது?

நம் திண்ணைப் பள்ளிகளில் ஓலையையும் எழுத்தாணியையும் முதல் நாளிலேயே கொடுத்துவிடவில்லை. மணலைப் பரப்பி, விரலால் எழுதச் செய்தனர். ஓலையிற் கீறிய பிழையை அழித்தல் அரிது. மணலில் எழுதிய பிழையோ கையால் தடவ மறைந்துவிடும். ஆதலால் குழந்தை அஞ்சாமல் எழுதிற்று. அடுத்த கணமே திருத்தியும் எழுதிற்று.

1787-ஆம் ஆண்டில் இந்தியா வந்த ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், 1789 முதல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியை மேற்பார்த்து வந்தார். நாட்டுப் பள்ளிச் சிறார் மணலில் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் கைக்கொள்ள விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு இசையவில்லை. எனவே மாணவன் ஒருவனையே ஆசானாக்கி நடத்தி வெற்றி கண்டார். 1797-இல் லண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' எனும் பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளிற் பரவிற்று.

கணிப்பொறிக் கல்வியும் இதே வழியில்தான் நடந்தது. 1963-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்தது. அக்காலத்தில் நிரலை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருத்தல் வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மீண்டும் அட்டை, மீண்டும் காத்திருப்பு! இஃது ஓலைக்கு ஒப்பானதன்றோ? 1964 மே முதல் நாளில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் ஆகிய பேராசிரியர் இருவர் 'பேசிக்' மொழியை இயக்கிக் காட்டினர். அறிவியல் பயிலாத மாணவரும் கற்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தி, உடனுக்குடன் விடை பெற்றனர். மணல் மீண்டும் வந்துவிட்டது!

1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழியும் இவ்வகையினதே. அதற்கு விலையில்லை. அதனுடன் வரும் 'ஐடில்' என்னும் எளிய எழுதுகளத்தில் ஒரு வரி எழுதினால், உடனே விடையோ பிழையோ கண்முன் தோன்றும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலும் பைத்தான் இடம்பெற்றது.

ஆகவே, தொடக்கக் கருவி எளிதிற் கிடைப்பதாகவும், பிழையை உடன் காட்டுவதாகவும் இருத்தல் வேண்டும். நம் வேலையைத் தானே செய்துவிடாமலும் இருத்தல் வேண்டும். இம்மூன்றாவது தகுதியே இன்று மிக வேண்டப்படுவது. முழு நிரலையும் தாமே எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்துவிட்டன. மணலே எழுத்தை எழுதித் தருமாயின் குழந்தையின் விரல் என்ன கற்கும்? அக்கருவிகள் கை பழகியவர்க்கு உதவுக. பழகும் பருவத்தில் வேண்டா.

மாணவர்களே, பள்ளியில் உள்ள பழைய கணிப்பொறியே போதும். இன்றே பத்து வரி எழுதுங்கள். பிழை வந்தால் நீங்களே திருத்துங்கள்.